600 யார்டுக்கு எத்தனை எக்ஸ் வேண்டும்?

கேள்வி இது: "ஏஆர்-10 வகை செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். .308 வின்செஸ்டர், 20 அங்குல பாரல். டெக்சாஸில் நான் சேர்ந்திருக்கும் கிளப்பில் 100 யார்டில் தாள் இலக்கு, 300 முதல் 600 யார்டு வரை இரும்புத் தகடுகள், ஒரு மூலையில் 800 யார்டிலும் ஒரு தகடு உண்டு. கடைக்காரர் 5-25 எக்ஸ் ஸ்கோப் வாங்கச் சொல்கிறார். கூடச் சுடும் நண்பர் 1-8 எக்ஸ் போதும் என்கிறார். எது சரி?"

எக்ஸ் என்றால் ஸ்கோப் இலக்கை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பது, அதாவது உருப்பெருக்கம். 5-25 என்றால் அதை 5-இலிருந்து 25 வரை மாற்றிக்கொள்ளலாம். என் பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 3-15 எக்ஸ் வாங்குங்கள். அல்லது அதை ஒட்டிய 4-16, 3.6-18. வாங்கிய பிறகு பெரும்பாலான நாட்களில் அதை 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் வைத்திருப்பீர்கள். இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் நாளைக்கு வேறு ரைஃபிள் வாங்கினாலும், தூரம் மாறினாலும், அந்தக் காரணங்களை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தூரத்தில் இருக்கும் பொருளை அடிக்க அதைப் பெரிதாகப் பார்த்தே ஆகவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் நடக்கும் கேம்ப் பெர்ரி போட்டிகள். அங்கே சர்வீஸ் ரைஃபிள் என்று ஒரு பிரிவு. பெரும்பாலானோர் கையில் இருப்பது ராணுவ எம்16-இன் தோற்றத்தில் இருக்கும் ஏஆர்-15, அதாவது உங்கள் ரைஃபிளின் தம்பி. 600 யார்டில் குப்புறப் படுத்து, பைபாட் (இரு கால் தாங்கி) இல்லாமல், கையில் சுற்றிய தோள்வாரை மட்டும் நம்பிச் சுட வேண்டும். அந்தத் தூரத்து இலக்கில் கருவட்டத்தின் அகலம் 36 அங்குலம், பத்து மதிப்பெண் வட்டம் 12 அங்குலம், அதற்கும் உள்ளே 'எக்ஸ்' என்றே பெயர் கொண்ட வட்டம் 6 அங்குலம். 2016 வரை இதை வெறும் இரும்பு சைட்டில்தான் சுட்டார்கள். உருப்பெருக்கம் என்பதே கிடையாது. அப்படிச் சுட்டும் பத்துகளை வரிசையாக அடுக்கினார்கள். 2016-இல்தான் ஸ்கோப்பை அனுமதித்தார்கள், அதுவும் அதிகபட்சம் 4.5 எக்ஸ், முன்கண்ணாடி 34 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு.

இதை நிலாவை வைத்துக் கணக்குப் போட்டால் நன்றாகப் புரியும். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ. முழுநிலா வானத்தில் ஏறத்தாழ 30 எம்ஓஏ அகலம். 600 யார்டில் அந்த 36 அங்குலக் கருவட்டம் வெறும் கண்ணுக்கு 5.7 எம்ஓஏ, அதாவது நிலாவில் ஐந்தில் ஒரு பங்கு. 4.5 எக்ஸில் அது 26 எம்ஓஏ ஆகிவிடுகிறது, முழுநிலாவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. நிலாவின் நடுவில் ஒரு முள்ளை வைக்கச் சொன்னால் நீங்கள் திணற மாட்டீர்கள் அல்லவா? உங்கள் கிளப்பின் தகடு 12 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 600 யார்டில் அது 1.9 எம்ஓஏ. 10 எக்ஸில் அது 19 எம்ஓஏ, நிலாவில் மூன்றில் இரண்டு பங்கு. குறி வைப்பதற்கு இது தாராளம்.

சரி, தாராளம் என்பதைவிட இன்னும் பெரிதாகத் தெரிந்தால் இன்னும் நுணுக்கமாகக் குறி வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் அந்த நுணுக்கத்தை உங்கள் ரைஃபிள் வாங்கிக்கொள்ளாது. நல்ல மேட்ச் தோட்டா (போட்டித் தரத் தோட்டா) போட்டால் ஒரு சராசரி ஏஆர்-10 1 முதல் 1.5 எம்ஓஏ வரை சிதறும். 1.25 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண்ணின் குறிப்பிழை 10 எக்ஸில் 0.3 எம்ஓஏ, 25 எக்ஸில் 0.1 எம்ஓஏ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிழைகளை நேராகக் கூட்டக்கூடாது, வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். 10 எக்ஸில் மொத்தச் சிதறல் 1.285 எம்ஓஏ. 25 எக்ஸில் 1.254. வித்தியாசம் 0.03 எம்ஓஏ. 600 யார்டில் அது 0.2 அங்குலம்.

இதைக் காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் .308-இல் 175 கிரெய்ன் மேட்ச் தோட்டா போட்டால், பக்கவாட்டில் 10 மைல் வேகக் காற்று அதை 600 யார்டில் ஏறத்தாழ 30 அங்குலம் தள்ளும். காற்றை வெறும் ஒரு மைல் தப்பாகக் கணித்தாலே 3 அங்குலம் போய்விட்டது. 25 எக்ஸ் தரும் 0.2 அங்குலத்துக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம். 3 அங்குலத்தைக் கொண்டுபோகிற காற்றை ஸ்கோப்பின் உருப்பெருக்கம் கணித்துத் தராது.

இனி வருவதுதான் செமி ஆட்டோவுக்கே உரிய விஷயம். கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் கையை எடுத்துப் போல்ட்டை இழுக்க வேண்டும். உங்களுடையதில் கை ட்ரிகரிலேயே, கன்னம் ஸ்டாக்கிலேயே இருக்கும். இந்த வகை ரைஃபிளைத் தேர்ந்தெடுத்ததற்கான பலன் அதுதான்: முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று உங்கள் ஸ்கோப்பிலேயே பார்த்து, உடனே திருத்தி, ஓரிரு வினாடியில் அடுத்ததை அனுப்புவது. ஆனால் சுட்ட பிறகும் இலக்கு ஸ்கோப்புக்குள் இருந்தால்தானே இது நடக்கும்?

25 எக்ஸில் பார்வைப் பரப்பு 100 யார்டில் ஏறத்தாழ 4.5 அடி. 10 எக்ஸில் பத்து, பதினோரு அடி. சுடும்போது ரைஃபிள் ஒரு டிகிரி மேலே எழும்பினால், 100 யார்டில் அது 5.2 அடி நகர்வு. 25 எக்ஸில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை இரண்டேகால் அடிதான் இருக்கிறது, இலக்கு எப்போதோ வெளியே போயிருக்கும். 10 எக்ஸில் அது விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 8 எக்ஸில் உள்ளேயே இருக்கும். .308-க்கு ஒரு டிகிரி எழும்புதல் பெரிய விஷயமே இல்லை. மேலும் இந்த ரைஃபிள்களில் அசைவு ஒரு தடவையோடு முடிவதில்லை. தோட்டாவின் பின்னுதை முதலில். அப்புறம் கனமான போல்ட் கேரியர் பின்னால் போய் முட்டுவது. அப்புறம் அது முன்னால் வந்து அடைவது. ஸ்கோப்புக்குள் படம் ஒரு தடவை மேலே போய், ஒரு தடவை கீழே குத்தி, பிறகுதான் அமைதியாகும்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. உங்கள் தோட்டா 600 யார்டு போய்ச்சேர ஏறத்தாழ 0.9 வினாடி ஆகும். அதற்குள் ரைஃபிள் அடங்கிவிடும், ஆகவே 12 எக்ஸில்கூட மண் தெறிப்பதைப் பார்த்துவிடலாம். 300 யார்டுக்கு 0.4 வினாடியே போதும். ரைஃபிள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே தோட்டா அங்கே போய்விடும். அதனால்தான் பக்கத்துத் தகட்டுக்கு உருப்பெருக்கத்தைக் குறைக்கச் சொல்கிறேன். 300-இல் நான் 6 அல்லது 7-இல் சுடுகிறேன். தகடு சின்னதாகத்தான் தெரியும், ஆனால் தோட்டா அதன் எந்த ஓரத்தைத் தொட்டது என்பதைப் பார்க்கிறேன். தப்பினால் எந்தப் பக்கம் தப்பியது என்பதும் தெரிகிறது. பார்க்காமல் போன தோட்டாவிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் தோட்டாவுக்குப் பணம் கொடுப்பது நீங்கள், அதில் பாதியை எங்கே போனது என்று தெரியாமலே தீர்ப்பது எனக்கு மனது கேட்காத விஷயம்.

டெக்சாஸ் என்பதால் கானலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூலை மாதம் காலை பத்து மணிக்கு மேல் 600 யார்டு தகட்டை 25 எக்ஸில் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தட்டு மாதிரி நெளியும். தகட்டின் விளிம்பு எது, அதன் பிம்பம் எது என்று பிரிக்க முடியாது. ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்குவதுபோல் நடுவில் இருக்கும் சூடான காற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அந்த நேரத்தில் அனுபவம் உள்ள எல்லோரும் 10, 12-க்கு இறக்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். அப்படியானால் மீதி 13 எக்ஸுக்குக் கொடுத்த பணம் வருடத்தில் ஆறு மாதம் சும்மா கிடக்கிறது. கானல் கெட்டது மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும் கொடி அது. பாரலாக்ஸ் குமிழை (எந்தத் தூரத்துக்கு ஸ்கோப் குவிய வேண்டும் என்று திருப்பும் குமிழ்) இலக்கின் தூரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் திருப்பினால், நடுவழியில் கானல் ஓடும் திசை தெளிவாகத் தெரியும். மெதுவாகச் சாய்ந்து ஓடினால் லேசான காற்று. படுத்தமாதிரி வேகமாக ஓடினால் பலமான காற்று. நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருக்கிறது. இதைப் பார்க்க 12 முதல் 15 எக்ஸ் நன்றாக உதவும். பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டு சுடலாம். 3-15-ஐ நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செமி ஆட்டோவில் இன்னொரு கானலும் உண்டு. வேகமாகப் பத்துப் பதினைந்து சுட்டால் பாரல் சூடாகி, அந்த வெப்பம் ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கு நேராக மேலே எழும். சப்ரசர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே குளிராக இருந்தாலும் படம் கொதிக்கும். இதுவும் உருப்பெருக்கம் கூடக் கூட மோசமாகும். சப்ரசருக்குத் துணி உறை கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். அதைவிட எளிய வழி உருப்பெருக்கத்தை இறக்குவது.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பர் சொல்லும் 1-8 போதாதா என்று கேட்பீர்கள். அவர் தப்பாகச் சொல்லவில்லை. 8 எக்ஸில் 600 யார்டு தகட்டை அடிக்க முடியும், மேலே போட்ட கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் 1-8 வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்ட சாதனம். 1 எக்ஸில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பத்து யார்டில் வேகமாகச் சுடவும் வேண்டும், தேவைப்பட்டால் தூரமும் போகவேண்டும் என்பவர்களுக்கானது. அந்த 1 எக்ஸுக்காக நிறைய விட்டுக்கொடுத்திருப்பார்கள். முன்கண்ணாடி பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 8 எக்ஸில் 3 மில்லிமீட்டர். 44 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட 3-15 அதே 8 எக்ஸில் 5.5 மில்லிமீட்டர் தருகிறது. பகலில் கண்மணி சுருங்கியிருக்கும், 3 மில்லிமீட்டரே போதும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் தலையை வைக்கும் இடத்தில் தெரியும். ஒளிவட்டம் சின்னதாக இருந்தால் கண் துளி நகர்ந்தாலும் படத்தின் ஓரம் கருக்கும். ஒவ்வொரு தடவையும் அதிர்ந்து ஆடுகிற ரைஃபிளில், கண்ணைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் சோர்வு தரும். சாயங்காலம் வெளிச்சம் மங்கி கண்மணி விரியும்போது வெளிச்ச வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள், அவை வெளியே வருவதே அந்த நேரத்தில்தான்.

அதுபோக, பல 1-8 ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் குமிழ் கிடையாது. தொழிற்சாலையிலேயே 100, 150 யார்டு என்று ஏதோ ஒரு தூரத்துக்கு நிறுத்தியிருப்பார்கள். 600 யார்டில் தலை நடுவில் இல்லையென்றால் குறி லேசாக நகரும். 100 யார்டில் தாளில் விழுந்த .308 ஓட்டையின் அகலமும் 0.3 அங்குலம்தான், கருப்புக்குள் விழுந்தால் என் கண்ணுக்கு 8 எக்ஸில் தெரிவதில்லை, 15-இல் தெரிகிறது. ஸீரோ போடும் நாளில், அதாவது குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பை அமைக்கும் நாளில், ஒவ்வொரு தடவையும் தனியாக வைத்த தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குக் குனிய வேண்டியதில்லை.

5-25 யாருக்குச் சரி? மேஜையில் மணல்மூட்டை வைத்துத் தாளில் குழு (ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பது) அளப்பவர்களுக்கு. 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டாவில் 1000 யார்டைத் தாண்டிச் சுடுபவர்களுக்கு. ஒவ்வொரு தோட்டாவையும் ஆற அமரச் சுடுபவர்களுக்கு. அவர்களுக்கு அது அருமையான கருவி. உங்கள் .308 800 யார்டு வரை ஒலிவேகத்துக்கு மேலேயே நன்றாகப் போகும். 1000-ஐ நெருங்கும்போது அது ஒலிவேகத்துக்கு இறங்கித் தடுமாறும், 20 அங்குல பாரலில் கொஞ்சம் முன்பாகவே. ஆக உங்கள் ரைஃபிளின் உண்மையான எல்லையே 15 எக்ஸுக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. பழைய வேட்டைக்காரர்கள் நூறு யார்டுக்கு 1 எக்ஸ் என்பார்கள். தகட்டுக்கு நான் நூறு யார்டுக்கு 2 எக்ஸ் வரை போவேன், அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. 600-க்கு 12, 800-க்கு 15.

ராணுவங்களும் செமி ஆட்டோவில் இதே பக்கம்தான் வந்து நின்றிருக்கின்றன. சோவியத் யூனியன் 1963-இல் ஏற்றுக்கொண்ட டிரகுனோவ் ரைஃபிளின் பிஎஸ்ஓ-1 ஸ்கோப் வெறும் 4 எக்ஸ். வியட்நாம் போர்க்காலத்தில் எம்14-இல் அமெரிக்கர்கள் மாட்டிய லெதர்வுட் ஸ்கோப் 3-9. அதில் ஒரு அழகான யோசனை இருந்தது. உருப்பெருக்க வளையத்தோடு ஒரு கேம் இணைந்திருக்கும். இலக்கு இரண்டு கோடுகளுக்கு நடுவில் பொருந்தும்வரை வளையத்தைத் திருப்பினால் தூரத்துக்கான உயரமும் தானாகவே அமைந்துவிடும்: 3 எக்ஸ் என்றால் 300 மீட்டர், 9 எக்ஸ் என்றால் 900. நூறுக்கு ஒன்று என்ற பழைய கணக்கையே பித்தளையில் வார்த்த மாதிரி. பின்னால் வந்த எம்110-க்கு 3.5-10 கொடுத்தார்கள், அது 7.62 நேட்டோ தோட்டா, கிட்டத்தட்ட உங்கள் ரைஃபிள்தான். அவர்களின் தேவை வேறு, உங்கள் தேவை வேறு. ஆனால் அதிர்ந்து ஆடும் ரைஃபிளில் பார்வைப் பரப்பின் அருமை எல்லோருக்கும் ஒன்றுதான்.

உருப்பெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது ரெட்டிகிளை, அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளை, விட்டுவிட முடியாது, இரண்டும் பிணைந்தவை. ரெட்டிகிள் முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது கோடுகளும் கூடவே வளரும். ஒரு மில் (எம்ஓஏ போல இன்னொரு கோண அலகு, தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எப்போதும் ஒரு மில். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடுகள் அதே அளவில் நிற்கும், அவற்றின் அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான், வழக்கமாக உச்சத்தில்தான், சரியாக இருக்கும். என் முதல் ஸ்கோப் 6-24, இரண்டாம் தளம். ஒரு ஆகஸ்ட் நாளில் கானல் தாங்காமல் 12-க்கு இறக்கினேன். இடமிருந்து வீசிய காற்றுக்கு இடப்பக்கம் ஒன்றரைக் கோடு பிடித்துச் சுட்டேன். தகடு மௌனம். மறுபடி அதே பிடி, மறுபடி மௌனம். பத்துத் தோட்டா போன பிறகுதான் உறைத்தது: பாதி உருப்பெருக்கத்தில் ஒவ்வொரு கோடும் இரண்டு மில். நான் ஒன்றரைக்குப் பதிலாக மூன்று மில் பிடித்திருந்தேன். 600 யார்டில் ஒரு மில் 21.6 அங்குலம், ஆக என் தோட்டாக்கள் 32 அங்குலம் இடப்பக்கமாகப் புல்லுக்குள் போயிருக்கின்றன. தவறு என்னுடையது, ஸ்கோப்பின் குற்றம் இல்லை. ஆனால் உருப்பெருக்கத்தை அடிக்கடி மாற்றச் சொல்லும் நானே இரண்டாம் தளத்தைப் பரிந்துரைத்தால் அது முரண். உங்களுக்கு முதல் தளம்.

முதல் தளத்துக்கும் ஒரு குறை உண்டு. அடி உருப்பெருக்கத்தில் கோடுகள் சிலந்திநூல் மாதிரி மெலிந்துவிடும். 5-25-ஐ 5-இல் வைத்துப் பாருங்கள், நடுப்புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். 3-15-இல் இந்தக் குறை ஓரளவு குறைவு, ஏனென்றால் உச்சத்தில் 15-க்கு ஏற்றபடி கோடுகளைக் கொஞ்சம் தடிமனாக வரைந்திருப்பார்கள். நீங்கள் அதிகம் புழங்கப்போகும் 8 முதல் 12-இல் கோடுகள் எப்படித் தெரிகின்றன என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும். 15-இல் அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஆர்-10 ஏற்கெனவே கனம். லுப்போல்ட் மார்க் 5 வரிசையை உதாரணமாக எடுத்தால், 3.6-18 எக்ஸ் 26 அவுன்ஸ், 5-25 எக்ஸ் 30 அவுன்ஸ். நான்கு அவுன்ஸ் பெரிதாகத் தெரியாது, ஆனால் 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடியை ஹேண்ட்கார்டுக்கு (பாரலைச் சுற்றிய பிடி உறை) மேலே தூக்க உயரமான மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கி) தேவைப்படலாம். இந்த ரைஃபிளின் ஸ்டாக் நேர்க்கோட்டில் இருப்பதால் ஸ்கோப் ஏற்கெனவே ரெயிலுக்கு மேல் ஒன்றரை அங்குலத்தில் நிற்கும். இன்னும் உயர்ந்தால் கன்னம் ஸ்டாக்கை விட்டுவிட்டுத் தாடையால் தாங்க ஆரம்பிப்பீர்கள். கண் ஆடும். மவுண்ட் ஒரே துண்டாக, முன்னால் நீண்ட கான்டிலீவர் வகையாக இருக்கட்டும். அதன் எல்லாப் பிடிகளும் ரிசீவர் (போல்ட் இருக்கும் நடு உடல்) மேலுள்ள ரெயிலிலேயே இருக்க வேண்டும். ஒரு கால் ரிசீவரிலும் ஒரு கால் ஹேண்ட்கார்டிலும் வைத்து மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பைபாடில் சாயும்போது ஹேண்ட்கார்டு வளையும், ஸ்கோப்பும் கூடவே முறுகும், ஸீரோ ஓடிக்கொண்டே இருக்கும்.

உயரத் திருத்தத்துக்கான இடமும் பாருங்கள். 100 யார்டில் ஸீரோ போட்டால் 600-க்கு நாலரை மில் வாக்கில், 800-க்கு ஏழுக்கு மேல் தேவைப்படும். இன்றைய 30, 34 மில்லிமீட்டர் குழாய் ஸ்கோப்புகளுக்கு இது சுலபம். டரெட் (ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகு) திருத்தமும் ரெட்டிகிளும் ஒரே அலகில் இருக்கட்டும், இரண்டும் மில், அல்லது இரண்டும் எம்ஓஏ.

அதிக உருப்பெருக்கத்தில் சுடுபவனின் மனதுக்குள் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும், இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 20 எக்ஸில் உங்கள் நாடித்துடிப்பே குறியை ஆட்டுவது தெரியும். ஆட்டம் 10 எக்ஸிலும் அதே அளவுதான் இருக்கிறது, பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவே. புதியவர்கள் பெரிதாகத் தெரியும் ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, குறி நடுவைக் கடக்கும் கணத்தில் ட்ரிகரைப் பிடுங்குகிறார்கள். ஆட்டத்தால் தப்புவதைவிட அந்தப் பிடுங்கலால்தான் அதிகம் தப்புகிறது. கிளப்பில் புதிதாக வருகிறவர்களிடம் ஸ்கோப்பை 9-க்கு இறக்கச் சொல்லிவிட்டு வேறு எதையும் மாற்றாமல் சுடச் சொல்வேன். பெரும்பாலும் அடுத்த ஐந்து தோட்டாவிலேயே குழு சுருங்கும்.

பணம்: ஒரே விலையில் 5-25-உம் 3-15-உம் கிடைத்தால், வழக்கமாக 3-15-இன் கண்ணாடி தெளிவாக இருக்கும். மலிவான 25 எக்ஸ் 18-க்கு மேல் மங்கிவிடும், நீங்கள் பார்ப்பது பெரிய மங்கல்தான். கடைக்குள் ஏசியில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். வெயிலில் பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டு, ஏதாவது மரநிழலுக்குள் இருக்கும் சின்ன எழுத்தை 10 எக்ஸில் படித்துப் பாருங்கள். பிறகு தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்தி, எவ்வளவு தூரம் நகர்ந்தால் படம் கருக்கிறது என்று பாருங்கள். ஆடுகிற ரைஃபிளுக்கு இந்தச் சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். 5-25-க்கு வைத்திருந்த பணத்தில் மிச்சம் வந்தால் மேட்ச் தோட்டா வாங்குங்கள்.

மாட்டிய முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். 100 யார்டில் 15 எக்ஸில் ஸீரோ போடுங்கள். அப்புறம் 300 யார்டு தகட்டுக்குப் போய், 15-இல் ஐந்து தோட்டா சுட்டு, எத்தனை விழுந்த இடத்தைக் கண்ணால் பார்த்தீர்கள் என்று எண்ணுங்கள். 12-க்கு இறக்கி ஐந்து, 9-இல் ஐந்து, 6-இல் ஐந்து. எந்த எண்ணில் ஐந்தையும் பார்க்க முடிந்ததோ, அந்த இடத்தில் உருப்பெருக்க வளையத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். 600-க்கும் இதே மாதிரி இன்னொரு புள்ளி. மடியில் வைத்துத் திருப்பும்போதே கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.